டேரின் சாவது எல்லாருக்கும் தெரியும்

ஜூலை 4, வெள்ளி

காலையிலிருந்து மழை. சீருடை காயவில்லை. ஈரத்தோடு பள்ளி.

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுவேன். கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். என்னைப் பற்றி மோசமாகத் தெரிகிற இடத்திலும் மாற்ற மாட்டேன். யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் பொய்க்கு அவசியம் இல்லை.

இன்று ‘அரியணைக்கு முன்’ முதல் எபிசோடு. (இனி அ.மு.) மொத்தம் ஆறு, வெள்ளிக்கு ஒன்று. ‘வெண்கடல் அரியணை’ (வெ.க.அ.) கதைக்கு முன்னால் நடந்த கதை. வெ.க.அ. முழுவதையும் அம்மாவும் நானும் இரண்டு தடவை பார்த்திருக்கிறோம். விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லாரும் கதையைத்தான் எழுதுகிறார்கள். பார்க்கிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நான் அதை எழுதிப் பார்க்கலாம் என்று.

வெ.க.அ.வில் வெலிஸா கிழட்டு ராணி. அரண்மனை முற்றத்தில் ஒரு சிறுவனின் கற்சிலை, கையில் வாள். அவள் தினமும் அதன் காலைத் தொட்டுவிட்டுப் போவாள். அது அவள் தம்பி டேரின். பன்னிரண்டு வயதில் கோட்டை வாசலில் சண்டையிட்டுச் செத்தவன். அ.மு.வில் வெலிஸாவுக்குப் பதினைந்து வயது. டேரின் உயிரோடு இருக்கிறான். ஓடுகிறான், மாம்பழம் மாதிரி ஏதோ திருடித் தின்கிறான். ஆக, அவன் சாகப் போகிறான் என்பது பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். அவனுக்குத்தான் தெரியாது.

யார் என்ன சொன்னார்கள்:

அப்பா (தக்கலை ஹார்டுவேர் கடையில் வேலை): “இவ்வளவு பெரிய கதவுக்கு ரெண்டு கீலா?” பிறகு தூக்கம்.

ராஜம் அத்தை (அப்பாவின் அக்கா, பக்கத்து வீடு): “வெலிஸாவா? அவளைத்தான் பெட்டியில வச்சு கடல்ல விட்டாச்சே.”

“அத்தை, இது முன்னால நடந்தது.”

“முன்னால நடந்ததை எதுக்குட்டி பொறவு காட்டுகான்?”

அம்மா: டேரின் சிரித்தபோது மட்டும், “நல்ல பிள்ளை, எளவு” என்றாள்.

அம்மா குவைத்துக்குப் போக எழுதிப் போட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை. இன்டர்வியூ முடிந்து ஆளை எடுத்துவிட்டார்கள். விசா வர வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வருட ஒப்பந்தம். மாடி வீடு பாதியில் நிற்கிறது.

இதையும் எழுத வேண்டும் என்பதால் எழுதினேன்.

ஜூலை 7, திங்கள்

வகுப்பில் அ.மு. பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் ரீல்ஸில் பார்த்திருக்கிறார்கள்.

ஷிபா (என் பெஞ்ச், திருவிதாங்கோட்டிலிருந்து வருகிறாள்): “செலவே செய்யாம எடுத்திருக்கான். நம்ம பத்மநாபபுரம் அரண்மனையில வந்து எடுத்திருந்தா இதவிட நல்லா இருந்திருக்கும். கட்டிலாவது ஒழுங்கா இருந்திருக்கும்.”

ஆன்லைனில் வந்த கருத்துகளில் சில. “முடிவு தெரிஞ்ச கதைக்கு எதுக்கு ஆறு எபிசோடு?” “தமிழ்ல டப்பிங் பேசின அண்ணனுக்கு ஒரு லைக் போடுங்க.” “டேரின் பேன்ஸ் யாரும் இருக்கீங்களா?” அதற்குக் கீழே ஒருவர், “அழுவதற்கு இப்பவே தயாராயிக்கோங்க.”

நான் அந்தக் கடைசிக் கருத்தை வெகுநேரம் பார்த்தேன். எப்படித் தயாராவது என்று யாரும் சொல்லவில்லை.

கணக்குத் தேர்வு வியாழன். வடிவொத்த முக்கோணங்கள்.

ஜூலை 9, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

பெண்கள் சங்க ஜெபக்கூட்டம், இந்த வாரம் எஸ்தர் பெரியம்மா வீட்டில். அவர்தான் சங்கத் தலைவி. அம்மாவுக்காக நானும் போனேன். வாசலில் செருப்புக் குவியல், உள்ளே பாய்.

பாட்டு, வாசிப்பு எல்லாம் முடிந்து சங்கிலி ஜெபம். ஒருவர் முடித்த இடத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும், உட்கார்ந்திருக்கிற வரிசைப்படி. யாரும் விடக் கூடாது. விட்டால் சங்கிலி அறுந்துவிடும் என்பார்கள். இன்றைக்கு விண்ணப்பம் அம்மாவின் விசா. எஸ்தர் பெரியம்மா முன்னாலேயே சொல்லிவிட்டார்: “நம்ம சாந்திக்க விசா தடையில்லாம வரணும். எல்லாரும் பாரத்தோட ஜெபிக்கணும், கேட்டியளா.”

எல்லாரும் ஜெபித்தார்கள். கதவுகள் திறக்க வேண்டும், அதிகாரிகளின் கண்களில் தயவு கிடைக்க வேண்டும். ராஜம் அத்தை விமானத்துக்கும் சேர்த்து ஜெபித்தாள். என் முறை வந்தது. வாயைத் திறந்தேன். அம்மாவின் பெயர் வரவில்லை. சங்கிலி நின்றது. யாரோ மெல்ல “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்று இடத்தை நிரப்பினார்கள். அப்புறம் நான் சொன்னது, நினைவிருக்கிறபடி:

“ஆண்டவரே, டேரினுக்காக ஜெபிக்கிறேன். அவன் சின்னப் பையன். அவன் சாகப் போகிறான் என்று எல்லாருக்கும் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. அவன் விளையாடிக்கொண்டு இருக்கிறான். நீர் நினைத்தால் மாற்றலாம். ஆமென்.”

மொத்த வீடும் “ஆமென்” என்றது. இரண்டு பேர் அழுதார்கள். எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த அக்கா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, “அந்தத் தகப்பனையும் தாயையும் தேற்றும் ஆண்டவரே” என்று தொடர்ந்தார்.

டேரின் என்றால் நம் பக்கத்துப் பையன் பெயர் மாதிரியே இருக்கிறது. டேரின், ஜெபின், அபின். அவர்கள் மேல் தப்பில்லை.

ராஜம் அத்தைக்கு விஷயம் புரியவே இல்லை. அவள் அவனை “ராணிக்க தம்பி” என்றுதான் சொல்வாள். அம்மாவுக்குப் புரிந்தது. கண்ணை மூடியிருந்தாள், ஆனால் புரிந்தது என்று எனக்குத் தெரியும்.

கட்டன்சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும். சாப்பிட்டேன். ருசி கவனத்தில் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

எபி. 2. டேரின் படகு ஓட்டக் கற்றுக்கொள்கிறான். சித்தப்பா கெட்டவன் என்று தெரிகிறது.

அத்தை: “சித்தப்பன்மார் எல்லா நாட்டுலயும் இப்படித்தான்.” அப்பா நிமிர்ந்து பார்த்தார். அப்பாவும் ஒரு வீட்டுக்குச் சித்தப்பாதான்.

அம்மா பாதியில் எழுந்து போனாள். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலிருந்து போன், டியூட்டி மாற்றம் பற்றி. நான் நிறுத்தி வைத்தேன். திரையில் டேரின் வாயைத் திறந்தபடி நின்றான். அத்தை முறுக்கு கடிக்கிற சத்தம் மட்டும்.

கணக்கு பரவாயில்லை.

ஜூலை 16, புதன்

கூட்டம் எங்கள் வீட்டில். காலையிலேயே அம்மா தரை துடைத்தாள். டி.வி.யின் மேல் துணி போட்டாள், எப்போதும் போல.

எஸ்தர் பெரியம்மா உள்ளே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “மக்கா, அந்தப் பையனுக்கு எப்படி இருக்கு?”

எனக்கு உடனே விளங்கவில்லை.

“டேரினுக்கு. ஒரு வாரமா மத்தியானச் சோறு விட்டு உபவாசம் இருக்கேன்.”

இன்னொரு அக்கா கேட்டார், “ஆளு எந்த ஊரு? ஆஸ்பத்திரியிலயா, வீட்டுலயா? சங்கத்துல இருந்து ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வருவமா?”

அம்மா சாயா கொண்டுவந்துகொண்டிருந்தாள். நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஆஸ்பத்திரியில் நோயாளி வீட்டாரிடம் பேசுகிற குரலில் சொன்னாள்: “தூரத்துப் பையன் பெரியம்மா. போய்ப் பாக்க முடியாத இடம். இப்பம் ஓடியாடித்தான் இருக்கான். ஆனா கை விட்டாச்சு.”

“கர்த்தர் கைவிட மாட்டாரு,” என்றார் எஸ்தர் பெரியம்மா. கண் கலங்கியிருந்தது.

இன்றைக்கும் சங்கிலி ஜெபம். விசா, பிறகு டேரின். என் முறை வந்தபோது முழங்காலில் இருந்தபடி “ஆமென்” மட்டும் சொன்னேன். சிறுபிள்ளை என்று விட்டுவிட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு, தம்ளர் கழுவும்போது:

“ஏட்டி, டேரினுக்கு எதுக்கு ஜெபிச்ச?”

“சாகக் கூடாதுன்னு.”

“செலை வச்சு எத்தன காலமாச்சு. அதைப் போயி.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு தண்ணீரை நிறுத்தினாள்.

“ஒருத்தர் விடாம விசாவுக்கு ஜெபிச்சாவ. நீ மட்டும் சொல்லல.”

“மறந்துட்டு.”

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். தண்ணீரைத் திறந்தாள். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

நான் மறக்கவில்லை. போகாதே என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைதான். விசா வருவதற்குள் சொன்னால் சரியாக இருக்கும். வந்த பிறகு சொன்னால் சண்டை மாதிரி ஆகிவிடும்.

ஜூலை 18, வெள்ளி

எபி. 3. இதுவரை வந்ததில் நல்லது இதுதான். வெலிஸாவும் டேரினும் அலைகளைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள், பேச்சே இல்லை. ஆன்லைனில் எல்லாரும் திட்டுகிறார்கள். “ஒன்றுமே நடக்கவில்லை.” “தூக்கம் வருது.” எனக்கும் அம்மாவுக்கும் பிடித்திருந்தது.

சொல்ல நினைத்தேன். அத்தை இருந்தாள்.

ஜூலை 22, செவ்வாய்

விசா வந்துவிட்டது.

பள்ளி விட்டு வந்தபோது வாசலில் சத்தம். அத்தை ஓடி வந்தாள். “ஏட்டி, வந்தாச்சு, வந்தாச்சு! உனக்க அம்மைக்கு வந்தாச்சு!” எஸ்தர் பெரியம்மா உள்ளே உட்கார்ந்திருந்தார். அப்பா கடையிலிருந்து லட்டு வாங்கி வந்திருந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். தின்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் முகத்தைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். வெகுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்தால் காலில் ஒன்றும் தெரியாதே, அப்படி இருக்கிறது. வலி இல்லை. இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

அறிவியல் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். மறந்தாயிற்று.

ஜூலை 25, வெள்ளி

எபி. 4. சித்தப்பா படையோடு வருகிறான். டேரினுக்குச் சின்ன வாள் ஒன்று கொடுக்கிறார்கள். ஆன்லைனில் ஒரே கொண்டாட்டம்: “அடுத்த வாரம் கோட்டை வாசல் சண்டை!” “சிலையில் இருக்கும் அதே வாள்!!” செத்துப்போகப் போகிறவனுக்கு வாள் கிடைத்ததற்கு இவ்வளவு சந்தோஷம்.

அம்மா பெட்டி கட்டிக்கொண்டே பார்த்தாள். உள்ளே போனவை: நர்ஸ் வெள்ளைச் செருப்பு இரண்டு ஜோடி, ஏத்தங்காய் சிப்ஸ், புளி, மாங்காய் ஊறுகாய் (மூன்று கவர் சுற்றி), வேதாகமம், கம்பளிச் சட்டை. அத்தை கருவாடு வைக்கச் சொன்னாள்.

“ஏர்போர்ட்டுல நாய விட்டு மோப்பம் பிடிப்பான் அண்ணி.”

“பிடிக்கட்டு. நல்ல நெய்மீன்தானே.”

சிரித்தார்கள். அத்தை போன பின் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். பெட்டி மூடவில்லை. நான் மேலே ஏறி உட்கார்ந்தேன், அம்மா ஜிப்பை இழுத்தாள். அம்மாவின் தலை என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். அம்மா நிமிர்ந்து பார்த்தாள், எதற்கோ காத்திருப்பது மாதிரி.

“சிப்ஸ் பொடிஞ்சிரும்,” என்றேன்.

“பொடிஞ்சா பொடியட்டு,” என்றாள்.

ஜூலை 30, புதன்

வெயில். பள்ளிக்குப் போகவில்லை.

வாடகைக் கார், அத்தையும் கூட வந்தாள். புறப்படும் முன் எஸ்தர் பெரியம்மா பெட்டியின் மேல் கை வைத்து ஜெபித்தார். மார்த்தாண்டம் பாலத்தில் நெரிசல். களியக்காவிளை தாண்டியதும் எழுத்துகள் எல்லாம் மலையாளம். அம்மா வழியெல்லாம் சொன்னாள். கேஸ் புக் செய்கிற விதம், அப்பாவின் பிரஷர் மாத்திரை, தலைக்கு எண்ணெய். நான் “ம்” சொன்னேன்.

“அஞ்சும் ஆறும் எனக்காக வச்சிரு. நீ மட்டும் பாத்திராத, கேட்டியா. சேர்ந்து பாப்போம்.”

“எப்படி?”

“போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டுத்தான்.”

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் டிக்கெட் இருப்பவர்களுக்கு மட்டும் உள்ளே அனுமதி. ஒருவர் பலாப்பழத்தை அட்டைப்பெட்டியில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். ஒரு குழந்தை தரையில் படுத்து உருண்டது. அம்மா கண்ணாடிக் கதவுக்குள் போனாள், ஒரு தடவை திரும்பினாள், தள்ளுவண்டியின் சக்கரம் ஒரு பக்கமாகவே இழுத்தது. அப்பா கையைத் தூக்கியபடியே நின்றார். நானும் தூக்கினேன்.

அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. திரும்பும்போது அத்தை, “கல்லு மாதிரி இருக்கா பாரு,” என்று அப்பாவிடம் சொன்னாள். திட்டாகச் சொல்லவில்லை.

நான் சொல்லவில்லை. இதை மாற்றாமல் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

எபி. 5 வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. பார்க்கவில்லை. வகுப்பில் ஷிபாவிடம் சொல்லி வைத்தேன், யாரும் என் முன்னால் பேசக் கூடாது என்று. அவள் காவல் நிற்கிறாள். ஒருத்தி “ஏய், டேரின்...” என்று ஆரம்பித்ததும், “வாயப் பொத்துட்டி, இவ அம்மை வரட்டு” என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு சிம் கிடைத்துவிட்டது. ஹாஸ்டலில் மூன்று பேருக்கு ஒரு அறை. சோறு கிடைக்கிறதாம். சூடு நம்ப முடியாததாம். ஊறுகாய் ஒழுகவில்லையாம்.

அப்பா இப்போது சாம்பார் மட்டும் வைக்கிறார்.

ஆகஸ்ட் 13, புதன்

கடைசி எபிசோடும் போன வெள்ளி வந்துவிட்டது. அம்மாவுக்கு அன்று டியூட்டி. வருகிற வெள்ளி ஓய்வு. இன்னும் பார்க்காதவள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன். போனில் எந்தப் பக்கமும் திறப்பதில்லை. ஆனாலும் தலைப்புகள் கண்ணில் படுகின்றன. “ஏமாற்றம்.” “இதற்கா ஆறு வாரம்?” எதற்கு ஏமாற்றம் என்று தெரியவில்லை.

சாயங்காலம் எஸ்தர் பெரியம்மாவைக் கடையில் பார்த்தேன். வெங்காயம் பொறுக்கிக்கொண்டே கேட்டார், “டேரின் எப்படி இருக்கான் மக்கா?”

“வெள்ளிக்கிழமை தெரியும் பெரியம்மா.”

“ஆபரேஷனா?”

ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீடு வரை வெட்கமாக இருந்தது. இந்த மாதத்தில் எனக்குத் தெளிவாகத் தோன்றிய ஒன்று அந்த வெட்கம்தான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம், மிட்டாய், ஒன்பதரைக்கு வீடு. மதியம் மழை, பிறகு விட்டது.

விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா அழைத்தாள். அவள் அறைத் தோழிகள் வெளியே போயிருந்தார்கள். நான் டி.வி.யில், அம்மா அவளுடைய டேப்லெட்டில். போனை ஸ்பீக்கரில் போட்டு நாற்காலி மேல் வைத்தேன். “ஒண்ணு, ரெண்டு, மூணு” சொல்லி ஒரே நேரத்தில் தொடங்கினோம். அத்தைக்கு இடுப்பு வலி, வரவில்லை. அப்பா இருந்தார்.

எபி. 5 ஒழுங்காக ஓடியது. வெளியே படை. டேரினுக்கு லேசாகக் காய்ச்சல்.

எபி. 6இல் அம்மாவுக்கு நெட் திணறியது. நின்று நின்று ஓடியது. என் டி.வி. முன்னால் போய்விட்டது. போனிலிருந்து நான் ஏற்கெனவே கேட்ட வசனங்கள் திரும்பக் கேட்டன.

கோட்டை வாசல் சண்டை நடக்கவே இல்லை. சித்தப்பா சமாதானமாகி உள்ளே வருகிறான். டேரின் ஒரு மூலை அறையில் காய்ச்சலில் கிடக்கிறான். எல்லாரும் பெரிய மண்டபத்தில். காலையில் ஒரு வேலைக்காரி போய்ப் பார்க்கும்போது செத்திருக்கிறான். வாளும் இல்லை, ஒன்றும் இல்லை. வெலிஸா சிற்பியிடம், “கையில் வாள் வை” என்கிறாள். முடிந்தது.

இதற்குத்தான் அத்தனை பேருக்கும் ஏமாற்றம்.

போனில் டேரின் இன்னும் உயிரோடு இருந்தான். தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான். அம்மா, “குடுங்கட்டி யாராவது” என்று முணுமுணுத்தாள். நான் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தேன். சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். நின்றது, மறுபடி ஓடியது. வேலைக்காரி கதவைத் திறக்கிற சத்தம் வந்தது. முடிவுப் பாட்டு வந்தது.

“அம்மா?”

“காய்ச்சல்தானா?” கோபமான குரல். “வெறும் காய்ச்சலுக்கா பிள்ளையைச் சாகக் குடுத்தாவ? அவ்வளவு பெரிய கொட்டாரத்துல ஒருத்திக்குக்கூடத் துணிய நனச்சு நெத்தியில போடத் தெரியலியா? இவளுவளுக்கெல்லாம் என்னத்துக்கு கிரீடம்?”

பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

“உனக்கு எப்பம் முடிஞ்சு?”

“அப்பவே முடிஞ்சு.”

“பொறவு ஏம்ட்டி சொல்லல?”

“நீ பாத்துட்டு இருந்த.”

அவள் அறையில் ஏ.சி. இரைவது கேட்டது. அப்போது சொன்னேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை.

“அம்மா. நான் விசாவுக்கு ஜெபிக்காதது மறந்து போயி இல்ல.”

“தெரியும்.”

“போகாதன்னு சொல்லணும்னு இருந்துச்சு. பெட்டி மேல இருக்கும்போதுகூட.”

“தெரியும் மக்கா.”

“பொறவு ஏன் கேக்கல?”

நெட் போய்விட்டதோ என்று போனைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

“கேட்டா நீ சொல்லியிருப்ப. நீ சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன். அதான் கேக்கல.”

“ம்” என்றேன். அறைத் தோழிகள் வந்துவிட்டார்கள் போலிருக்கிறது, யாரோ மலையாளம் கலந்து “சேச்சீ, சோறு வாங்கியாச்சு” என்றார்கள். அம்மா, “தலைக்கு எண்ணெய் வையி. ஞாயித்துக்கிழமை கூப்பிடுதேன்” என்றாள். நான் “சரி” என்றேன். வைத்துவிட்டாள்.

இப்போதும் அழுகை வரவில்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அடித்துக்கொண்டிருந்தது.

அப்பா தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். “முடிஞ்சா?” என்றார்.

“முடிஞ்சுப்பா.”

எழுந்தார். என் தலையில் கை வைக்க வந்தவர் டி.வி. மேல் துணியை இழுத்துப் போட்டார். கதவைத் தாழிட்டார். முன்னறை லைட்டை அணைத்தார்.